துரையை யார் பார்த்துக்கொள்வது?

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறை சொல்லச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், மூச்சு விடாமல் சொல்வேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரருடைய தங்கை. பயணக் காப்பீடு விற்கும் அலுவலகத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிரே தெரிகிற முதல் மேசை அவளுடையது. கையில் டிக்கெட்டும் முகத்தில் சிரிப்புமாக வருகிறவர்களை உட்காரவைத்து, அந்தச் சிரிப்பை இறக்கி வைப்பதுதான் அவள் உத்தியோகம். ஒருவேளை பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால்? ஒருவேளை போய் இறங்கியதும் பல் வலித்தால்? ஒருவேளை ஓட்டல் குளியலறையில் வழுக்கினால்? தேனிலவுக்குக் கிளம்பிய ஒரு ஜோடி அவளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பயணமே வேண்டாம் என்று எழுந்து போனதாகக் கேள்வி. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ஒருவேளை அக்கா’. அவளுடைய மேலதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மற்ற மேசைகளில் எங்கே போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். இவள் அப்படிக் கேட்கமாட்டாள். “வீட்டுல யாரை விட்டுட்டுப் போறீங்க?” என்பாள். வயதான அப்பாவை, பரீட்சை எழுதப்போகிற மகளை என்று அவர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்களோ, முடிந்தது கதை. அந்தத் தேனிலவு ஜோடியைத் தவிர, பாலிசி எடுக்காமல் அந்த நாற்காலியை விட்டு யாரும் எழுந்ததில்லை.

இத்தனை பேரை ஊர் ஊராக அனுப்பி வைத்தவள் தான் மட்டும் எங்கேயும் போனதில்லை. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, ஞாயிற்றுக்கிழமை என் வீடு. என் வீட்டுக்கு வருவதற்கே குடை, மாத்திரை, மாற்றுச் செருப்பு எல்லாம் எடுத்து வருவாள். நாங்கள் இருப்பது அடுத்த தெருவில்.

காரணம் எனக்குத் தெரியும், அது சிரிக்கிற விஷயம் இல்லை. அவள் கணவர் வேலை விஷயமாக வெளிநாடு போனார். சின்னப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். போன இடத்தில் ஓட்டல் அறையில் நெஞ்சுவலி. பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. காப்பீடும் எடுத்திருக்கவில்லை. அவரை ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் தானாகத் தேடிப்போய்ச் சேர்ந்த வேலை இது. ஊரையே பயமுறுத்துகிறாள் என்று சொல்வார்கள். தன் பயத்தைத்தான் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வரும், அது வேறு.

மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, கடல் தாண்டி ஒரு ஊரில் குடியேறினாள். வந்து கொஞ்ச நாள் இரும்மா என்று வருடா வருடம் கூப்பிடுவாள். நாத்தனார் முதலில் முழங்கால் வலி என்றாள். அடுத்த தடவை அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நேரம் என்றாள். பிறகு மொட்டை மாடித் தொட்டிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றாள். நான் ஊற்றுகிறேன் என்று சொன்னேன். அந்த வாரமே செடிகளை எல்லாம் யாருக்கோ தானம் செய்துவிட்டு, முழங்கால் வலிக்கே திரும்பிப் போனாள். இப்படிச் சாக்குகள் எல்லாம் தேய்ந்து, இனிமேல் என்ன சொல்வாளோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் துரை வந்து சேர்ந்தது.

துரை ஒரு நாய். சப்பை மூக்கு, முட்டைக்கண், முகம் நிறையச் சுருக்கம், உடம்பு முழுவதும் கறுப்பு. நடக்கச் சொன்னால் உட்காரும், உட்காரச் சொன்னால் படுக்கும், படுத்தால் குறட்டை. அலுவலகத்துக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் பயணம் போகும்போது, ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவளிடம் விட்டுவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, அங்கேயே வேலை கிடைத்து நன்றாக இருக்கிறார். எல்லா ஆபத்துக்கும் அவருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்த என் நாத்தனாருக்கு, அவரால் தனக்கு வரப்போகிற ஆபத்து மட்டும் தோன்றவில்லை. எந்த வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பாட்டை எதிர்பார்க்கிறதே என்று நான்தான் துரை என்று பெயர் வைத்தேன். கேலியாக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

அப்புறம் பயணம் என்று பேச்செடுத்தாலே, துரையை யார் பார்த்துக்கொள்வது என்பாள். இந்தச் சாக்கு மட்டும் தேயவில்லை. மூச்சு விடுகிற, குறட்டை விடுகிற, வாலாட்டுகிற சாக்கு அது. யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இப்படி இருக்கையில் மகள் கர்ப்பமானாள். எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

“அத்தை, அம்மா இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன். கோபத்துல சொல்லல. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமா இருக்கு.”

சின்ன வயதிலிருந்து என் கண் முன்னால் வளர்ந்த பெண். அடம்பிடித்து அழுதால் சமாளித்துவிடலாம். இப்படி நிதானமாகப் பேசினால் நான் என்ன செய்வேன்? நேராக நாத்தனார் வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், மகள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். அவள் துரையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. போகிறேன் என்றாள். அப்பாடா என்று நான் உட்கார்ந்தேன். அத்தனை சீக்கிரம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

முதலில் துரையையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தாள். ஊசிகள் போட்டாள், கூண்டு வாங்கினாள், அந்தக் கூண்டுக்குள் துரை தூங்கிப் பழகவும் செய்தது. விமான நிறுவனத்தில் படத்தைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு விமானத்தில் மூச்சுத் திணறும், ஏற்றமாட்டார்களாம். அடுத்து ஊரிலுள்ள நாய் விடுதிகள். ஒவ்வொன்றாகப் போய் இறங்கினாள். கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தீயணைப்பான் எங்கே, இரவுக் காவல் யார், பக்கத்துக் கூண்டு நாய்க்கு இருமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரணை. ஒரு விடுதிக்காரர் பொறுக்க முடியாமல், “அம்மா, நீங்க நாயை விட வந்தீங்களா, எங்களை உள்ள தள்ள வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

பயண நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் வீட்டிலேயே இருக்கட்டும், தொலைகிறது என்றேன்.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் இருக்கிறோம், மற்றதில் என் தையல் மெஷின் இருக்கிறது. அறைகலன் கடை ஒன்றுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் வெள்ளைத் துணி. அந்த வீட்டுக்குள் கறுப்பு முடி உதிர்க்கிற நாயை வரச்சொல்கிறேன் என்றால் நான் எவ்வளவு பெரிய மனுஷி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நெற்றியைச் சுருக்கினாள்.

“அது சரிப்படாது அண்ணி. சொந்தக்காரங்க வீட்டுல விட்டா கவர் கிடையாது.”

அவள் எடுக்கப்போகிற பாலிசியில் செல்லப்பிராணிக்கென்று ஒரு சேர்க்கை உண்டாம். நாம் ஊரில் இல்லாதபோது அதன் உயிருக்கு ஆபத்து வந்தால் வைத்தியச் செலவைத் தருவார்கள். பாதியில் கிளம்பி வர வேண்டுமென்றால் விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு. திரும்பி வருகிற விமானம் தாமதமானால், கூடுதல் நாட்களுக்கு விடுதிக் கட்டணமும் அவர்களே கட்டுவார்கள். இத்தனையும் நாய் பதிவு பெற்ற விடுதியில் இருந்தால்தான். அண்ணன் வீடு, அண்ணி வீடு எல்லாம் கணக்கில் வராது.

சரி, ஒரு ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறேன், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ வங்கியைக் கொள்ளையடிக்கக் கூப்பிட்ட மாதிரி. பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவள் அவள். அவளிடம் போய் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அதனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் வீட்டை உண்மையாகவே விடுதியாக்கிவிட்டாள். நகராட்சி அலுவலகத்துக்கு என்னை நடக்கவைத்தாள். ஒரு ஆய்வாளர் வந்து ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், என் வீட்டுக்காரரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நாளில் கதவில் ஒரு பலகை ஏறியது. ‘பதிவு பெற்ற செல்லப்பிராணி விடுதி’ என்று அதில் எழுதியிருந்தது. இத்தனை வருடமாக அந்த வீட்டில் நான் தைக்கிறேன், என் பெயருக்கு ஒரு பலகை கிடையாது. இந்த நாய்க்கு வந்துவிட்டது.

பலகையைப் பார்த்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கீழ்த்தளத்து ஆசிரியை ஒரு வாரம் வெளியூர் போகிறேன் என்று தன் கிளியைக் கொண்டு வந்தார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஆமையோடு வந்து நின்றார். விடுதி எல்லாம் சும்மா பேருக்குத்தான் என்று நான் சொன்னால் நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்க மறுத்தால் பதிவு செல்லாதாம். கிளி நாள் முழுவதும் லிஃப்ட் மணி மாதிரியே சத்தம் போட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ வந்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

கிளம்புகிற நாள் வந்தது. நாத்தனார் துரையை என் மடியில் வைத்து, அதற்கு எந்த நேரத்தில் எந்த மாத்திரை, எந்தப் பக்கம் சொறிந்தால் பிடிக்கும், இடி இடித்தால் எங்கே ஒளியும் என்று மறுபடி மறுபடி சொன்னாள். அது சாப்பிட்டுவிடும், நீ கிளம்பு என்றேன்.

“அது இல்ல அண்ணி. அவன்.”

டாக்ஸியில் ஏறுவதற்குள் இரண்டு தடவை இறங்கி வந்தாள். மூன்றாவது தடவை இறங்குவதற்குள் என் வீட்டுக்காரர் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டார். விமானம் பறந்துவிட்டது என்று அவர் விமான நிலையத்திலிருந்து போன் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கே போய்ச் சேர்ந்தவள் தினமும் போன் செய்தாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பேன், துரை எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்பாள். கிடக்கிறது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். உண்மையில் அது கிடக்கவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்தால் மிதிகட்டைக்குப் பக்கத்தில் வந்து படுக்கும், எழுந்தால் எழும், அடுப்படிக்குப் போனால் அங்கேயும் பின்னால் வரும். வெள்ளைத் திரைச்சீலையில் கறுப்பு முடியைப் பொறுக்கிப் பொறுக்கி என் கண் பூத்துப்போயிற்று. திட்டினால் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பேச்சை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரசவ வலி வந்து மகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு நாள் காலையில் செய்தி வந்தது. அதே காலையில் துரை சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாந்தி எடுத்தது. வயிறு கல் மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடலில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார் அந்த அம்மா. என்ன அடைத்திருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் தைத்து முடித்த திரைச்சீலையில் ஒரு குஞ்சம் குறைந்தது. எண்ணிப் பார்க்கத் தெரியாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னொன்று வைத்துத் தைத்திருந்தேன். இத்தனை தீனி வாங்கி வைத்திருக்க, அது போய்க் குஞ்சத்தைத் தின்றிருக்கிறது.

உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். வயதான நாய், மூக்கு வேறு சப்பை, மயக்க மருந்தைத் தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விடுதி நடத்துகிறவர் உரிமையாளருக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாத்தனார் எனக்கு அதை மனப்பாடம் செய்யவைத்திருந்தாள். அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண், நாத்தனார் வேலை கற்றுக்கொடுத்த பெண், வைத்தியத்தைப் பாருங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உடனே சொல்லிவிட்டாள். அவளிடமிருந்து நாத்தனாருக்குத் தகவல் போகாமல் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சொல்லாதே என்றார். சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள், டிக்கெட்டும் இலவசம், அவளைத் தடுக்க ஒன்றுமே இல்லை என்றார். பாலிசியை அவளே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். மகளை வலியில் விட்டுவிட்டு வருவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. அவள் மட்டும் இப்போது வந்துவிட்டால் அந்தப் பெண் வாழ்நாளுக்கும் அவளை அம்மா என்று கூப்பிடமாட்டாள். சொல்லாமல் மறைத்து, துரை செத்துப்போனால் நாத்தனார் என் முகத்தில் விழிக்கமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அடிதான்.

நான் முடிவு செய்வதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். மகளுக்கு வலி விட்டு விட்டு வருகிறது, இன்னும் நேரமாகுமாம் என்றாள். வழக்கம்போல் அடுத்த கேள்வி வந்தது.

“துரை எப்படி இருக்கான்?”

“அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். காலையில சாப்பிட்டான், மாடியில நடந்தான், இப்பகூட என் காலடியிலதான் தூங்கறான், நீ அங்க இருக்கிற வேலையைப் பாரு.”

“அண்ணி. எப்பவும் ஒரே வார்த்தையில முடிப்பீங்க. இன்னிக்கு இத்தனை வார்த்தை சொல்றீங்க. பொய்க் கிளெய்ம் கொண்டு வர்றவங்கதான் இப்படிப் பேசுவாங்க. அதுவும் அவன்னு வேற சொல்றீங்க. என்ன ஆச்சு?”

மாட்டிக்கொண்டேன். குஞ்சத்திலிருந்து மயக்க மருந்துவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, திட்டு என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அலுவலகத்துக்குச் சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவ்வளவுதான், பெட்டி கட்டுகிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் நடந்ததைப் பக்கத்து மேசைப் பெண் எனக்குச் சொன்னாள். நாத்தனாரே அவளைக் கூப்பிட்டாளாம். சாயங்கால விமானத்தில் இடம் இருக்கிறது, பாலிசியில் முழுவதும் கவராகும் அக்கா, பதிவு செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறாள் இவள். நாத்தனார் பதில் சொல்லாமல் நெடுநேரம் லைனிலேயே இருந்திருக்கிறாள். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

டாக்டர் துரையை உள்ளே கொண்டுபோகக் கை நீட்டிய நேரத்தில் எனக்குத் திரும்பப் போன் வந்தது.

“அவ என் கையைப் பிடிச்சிருக்கா அண்ணி. விடச் சொல்ல எனக்கு வாய் வரல. நான் வரல. துரை போறதுன்னா போகட்டும். தனியா மட்டும் விட்டுடாதீங்க. அவர் போனப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்ல.”

இந்த நாயை இத்தனை நேரம் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே, அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அறுவைச் சிகிச்சை அறைக்குள் வெளியாள் வரக்கூடாது என்றார்கள். நான் வெளியாள் இல்லை, பதிவு பெற்ற விடுதிக்காரி, வேண்டுமானால் நகராட்சியில் கேளுங்கள் என்று சண்டை போட்டு உள்ளே போனேன். மயக்கம் வருகிறவரை அவன் தலை என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு மூலையில் என்னை உட்காரவைத்தார்கள். அழுதேன். மூக்கைச் சிந்தினேன். குழந்தை அங்கே, நாய் இங்கே, யார் முதலில் என்று தெரியாமல் எல்லாத் தெய்வத்தையும் கலந்து கட்டிக் கூப்பிட்டேன்.

துரை பிழைத்தான். டாக்டர் ஒரு கிண்ணத்தில் குஞ்சத்தைப் போட்டுக் காட்டினார், தங்க நிற நூல், கலையவேயில்லை. நான் வெளியே வந்து போனை எடுத்தால், பேரன் பிறந்துவிட்டான் என்று படம் வந்திருந்தது. குழந்தையின் முகம் நிறையச் சுருக்கம், மூக்கு கொஞ்சம் சப்பை. யாரைப்போல் இருக்கிறான் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நாத்தனார் குழந்தைக்குத் தலை நிற்கும்வரை அங்கேயே இருந்தாள். திரும்புகிற விமானம் பனிமூட்டத்தால் இரண்டு நாள் தாமதமாயிற்று. சொன்னபடியே அந்தக் கூடுதல் நாட்களின் விடுதிக் கட்டணம் என் பெயருக்கு வந்தது, அறுவைச் சிகிச்சைச் செலவும் ஒரு கேள்வியில்லாமல் வந்தது. பாலிசியில் அவள் தொடாமல் விட்டது பாதியில் திரும்பி வருகிற அந்த டிக்கெட் ஒன்றைத்தான்.

விமான நிலையத்திலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். கதவைத் திறந்ததும் துரை என்று கூப்பிட்டாள். அவன் மெஷினுக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். வாலை ஆட்டினான், எழுந்து போய் அவள் கையை நக்கினான், கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றான். பிறகு திரும்பி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டான். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. காலால் மெதுவாகத் தள்ளினேன், அசையவில்லை.

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

“போச்சு அண்ணி. இனிமே வர முடியாதுன்னு அவகிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்ல.”

துரை என் வீட்டிலேயே தங்கிவிட்டான். நாத்தனார் ஆள் மாறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். என் வீட்டுக்கு வரும்போது குடையும் மாத்திரையும் இன்னும் வருகின்றன. ஆனால் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அவளே தனக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். அத்தை, நீங்களும் மாமாவும் அம்மாகூடவே வரணும், சாக்குப்போக்கு சொல்லக்கூடாது என்றாள். எனக்கும் ஆசைதான். அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று எனக்கு மட்டும் இருக்காதா? வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வரலாம்மா. ஆனா துரையை யாரு பார்த்துக்கிறது?”

மகள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“நீங்களுமா அத்தை?”

எனக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தால், நாத்தனார் கைப்பையைத் திறந்து பாலிசித் தாள்களை எடுத்து என் தையல் மெஷின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்த்து, துரைக்கான சேர்க்கையோடு. நாய் டாக்டரே தன் வீட்டு மாடியில் பதிவு பெற்ற விடுதி ஒன்று ஆரம்பித்திருக்கிறாராம், இவள் போய்ப் பார்த்துவிட்டாளாம், தீயணைப்பான்கூட இருக்கிறதாம். ஒருவேளை அவன் சாப்பிடாவிட்டால்? ஒருவேளை ராத்திரியில் என்னைத் தேடினால்? கேட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடமும் அவள் முகத்தில் இருந்த பயம் முழுவதும் எனக்கு வந்திருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

“போடுங்க அண்ணி. முதல் தடவை அப்படித்தான் இருக்கும்.”